ஆளில்லாத வீட்டுக் குளிர்

துபாயில் நான் காவல் இருக்கும் வீட்டில் இப்போது ஆளே இல்லை. ஆனாலும் எல்லா அறையிலும் ஏசி ஓடுகிறது. சொன்னால் எங்கள் ஊர் சீவலப்பேரியில் எவன் நம்புவான்?

முதலாளி குடும்பம் கோடைக்கு லண்டன் கிளம்பிக் காரில் ஏறியதும், அறை அறையாகப் போய் சுவிட்சுகளை அணைத்தேன். காலி அறையில் ஃபேன் சுற்றினாலே நமக்குப் பொறுக்காது. எதையோ மறந்து திரும்பி வந்த முதலாளி பதறிவிட்டார். வீடு சூடானால் மர அலமாரி வெடிப்பு விடுமாம், கம்பளம் நாறுமாம். “உள்ளே யாருமில்லையே, யாருக்கு?” என்று எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன். எனக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். தோளைத் தட்டி, “நீயும் உள்ளேயே படுத்துக்கொள். வாரம் ஒருமுறை இந்த வீட்டுப் போனில் ஊருக்கும் பேசிக்கொள்” என்றார். நல்ல மனுஷன்.

அடேயப்பா, என்ன ஊர் இது! கடல்நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கி, அதைப் புல்லுக்கும் ஊற்றுகிறார்கள். பாலைவனத்தில் புல் பச்சையாக நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வாயடைத்துப்போகும். இந்த வீட்டுக்குள்ளிருந்து விரட்டிய சூடெல்லாம் பின்சந்தில் போய் விழுகிறது. அங்கேதான் எங்களைப் போன்றவர்களின் அறைகள். உலகம் சூடாகிறது, ஜனம் பெருகியதுதான் காரணம் என்று ரேடியோவில் ஒருவர் பேசினார். இருக்கலாம். ஊரில் எங்கள் தாத்தா ஒருவராகவே பார்த்த வயல் இன்று ஐந்து பங்கு. கிணறும் மோட்டாரும் பொது, ஆளுக்கு ஒரு நாள் முறை. முறைநாளில் கரண்ட் இல்லையென்றால் போனது போனதுதான், அடுத்தவர் நாளைக் கேட்கக்கூடாது. ஆனால் எங்கள் ஐந்து வீட்டிலும் எரிகிற கரண்ட் மொத்தமும் இந்த ஒரு கூடத்துக்குக் காணாதே. ரேடியோக்காரர் அதை எந்தக் கணக்கில் சேர்த்தாரோ.

இந்த வருஷம் மேற்கே மலையில் மழை பிந்திவிட்டது. தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீர் எங்கள் வயல்வரை எட்டவில்லை. கிணற்றை விட்டால் கதியில்லை. நேற்று எங்கள் முறை. மத்தியானம் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டேன். பூத் வைத்திருக்கும் அண்ணாச்சி என் மனைவி செண்பகத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

“காலையில இருந்து கரண்டே இல்லங்க. பயிரு சுருண்டுட்டு. இன்னைக்கு விட்டா அம்புட்டுதான்” என்றாள். பிறகு, “அங்கன கரண்டு இருக்கா?”

“இருக்கு” என்றேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

“போவவே போவாதா?”

“போவாது.”

“அம்மாடி” என்றாள். அந்தக் குரலில் பொறாமையே இல்லை. வியப்பு மட்டும்தான். அதுதான் என்னை என்னவோ செய்தது.

திடீரென்று போனில் கிறீச் கிறீச் என்று ஒரு சத்தம். பூத்து ஃபேன். செண்பகத்தின் பேச்சு நின்றுவிட்டது. ஹலோ ஹலோ என்றேன். அண்ணாச்சிதான் எடுத்தார்.

“கரண்டு வந்துட்டு வே. அவ மோட்டார் போட ஓடிட்டா. வச்சிரட்டா?”

“வைக்காதீங்க அண்ணாச்சி. கொஞ்சம் அப்படியே இருக்கட்டும்.”

அவர் ரிசீவரை மேசைமேல் வைத்தார். ஆளில்லாத கூடத்தில், குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, சீவலப்பேரி ஃபேனின் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அது நின்றால் மோட்டாரும் நின்றுவிடும்.