தம்பியின் ரவைகள் ஏன் நீளம் மாறின

தம்பியின் முப்பத்தோராம் நாளுக்கு வந்து, உணவருந்தி, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு விளக்கம். மூத்தவன் தம்பியை ‘அவர்’ என்று எழுதுவதா எனக் கேட்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். உயிரோடு இருந்தவரை ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டேன். இனி அப்படிக் கூப்பிடும் தகுதி எனக்கில்லை. காரணம் கடைசிப் பகுதியில் இருக்கிறது. நேரே அங்கே போகாமல் வரிசையாகப் படியுங்கள்.

இரண்டாவது விளக்கம். தம்பி மாரடைப்பால் இறந்தார். ஹம் புகையிரத நிலையத்தில், வேலைக்குப் போகும் வண்டிக்குக் காத்திருந்தபோது. துவக்கு வெடித்து அல்ல. நிலவறையில் வெடிமருந்து பற்றி எரிந்து அல்ல. காவல்துறை வீட்டுக்குள் புகுந்த அதிர்ச்சியிலும் அல்ல. இந்த மூன்று கதைகளும் அவருடைய உடல் மண்டபத்தில் இருக்கும்போதே தேநீர்க் கோப்பைகளோடு கைமாறின. மருத்துவரின் சான்றிதழ் என்னிடம் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் முன்கூட்டியே நேரம் கேட்டு, டெர்மின் எடுத்துக்கொண்டு வரலாம்.

தம்பி வடமராட்சியில் எங்கள் பெற்றோருக்கு நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். இருபது வயதில் இந்த ஜெர்மனி நாட்டுக்கு வந்தார். அவருடைய அகதி மனு ‘நம்பத்தகுந்ததாக இல்லை’ என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது. அந்த வரியை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவன் நான். மேல்முறையீடு செய்தோம், வென்றோம். உணவகத்தில் சட்டி கழுவினார். மற்றவர்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிய வயதில் தாம் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி செய்து, உலோகம் கடையும் தொழிலாளியானார். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் துண்டை எறிந்துவிட்டு மீண்டும் கடைவார் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

அந்தத் தொழிற்சாலை நண்பர் ஒருவர்தான் அவரைச் சுடும் விளையாட்டுக் கழகத்துக்கு அழைத்துப் போனார். நம்மவர்களுக்கு அன்று தொடங்கிய வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு இங்கே துவக்கு எதற்கு என்று கோயில் வாசலில் ஒருவர் கேட்டார். தம்பி அவரைப் பார்த்துச் சிரித்தார். “அங்க துவக்கு எங்களைப் பாத்தது, அண்ணை. இங்க அது கடதாசியைப் பாக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.”

தம்முடைய கைத்துப்பாக்கிக்கான ரவைகளை அவரே நிரப்பினார். இதைக் குண்டு தயாரிப்பு என்று வதந்தி பரப்பியவர்களின் நலனுக்காக எழுதுகிறேன். சுட்ட ரவையின் வெற்றுக் கோதைக் கழுவி, புதிய வெடிமருந்தை இட்டு, வாயில் சன்னம் என்னும் ஈய முனையை வைத்து அழுத்துவதுதான் வேலை. அதற்குப் பயிற்சி வேண்டும், தேர்வு வேண்டும், அதற்கு மேல் ‘இவர் நம்பத்தகுந்தவர்’ என்று அரச அலுவலகம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருகாலத்தில் அவரை நம்ப முடியாது என்று எழுதிய அதே நாடு, நம்பலாம் என்று எழுதிக் கொடுத்த கடிதம் அது. குடியுரிமைப் பத்திரத்துக்கும் மேலே, கோப்பின் முதல் தாளாக அதை வைத்திருந்தார்.

சென்ற ஆண்டு, நவராத்திரி முடிந்த அடுத்த கிழமை, கழகத்தில் அவருடைய துப்பாக்கி மூடாமல் சிக்கியது. ரவை சற்று நீண்டிருந்தது. மேற்பார்வையாளர் நிறுத்தச் சொல்லி, பெட்டியில் இருந்த மற்ற ரவைகளை அளந்தார். பாதி சரி, பாதி நீளம். சன்னம் கோதுக்குள் இறங்க வேண்டிய ஆழத்துக்கு இறங்கவில்லை. இன்று நீளம் என்றால் துப்பாக்கி சிக்கும். நாளை கட்டையாக இருந்தால் அழுத்தம் ஏறித் துப்பாக்கியே உடையும். உங்கள் ஊரில் இதெல்லாம் ஒரு பொருட்டில்லையோ என்று கழகத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாராம். காரணம் தெரியாவிட்டால் அலுவலகத்துக்கு அறிவிப்பேன் என்றும் சொன்னார். அறிவித்தால் அந்த முதல் தாள் போய்விடும்.

தம்பி ஐந்து நாள் தேடினார். கோதுகளின் நீளத்தை அளந்தார், சரி. சன்னங்களை ஒவ்வொன்றாக அளந்தார், சரி. கோதின் வாய் போதிய அளவு விரிகிறதா, சன்னம் இறங்கும்போது ஈயம் சீவப்படுகிறதா, சன்னம் முழுதாக இறங்கும் முன்பே வாய் இறுகிவிடுகிறதா, சன்னத்தை அழுத்தி இறக்கும் அச்சின் பூட்டு வளையம் தளர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருமுறை ஒன்றை மட்டுமே மாற்றி, மறுபடி அளந்தார். ஆறாம் நாள் கழகத்துக்குப் போய், காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன், அச்சைத் துப்புரவாக்காமல் விட்டது என் தவறு என்றார். அதைக் ‘கவனக்குறைவு’ என்று கழகக் கோப்பில் எழுதினார்கள். ஓராண்டுக்கு அவர் சுடுமுன் வேறொருவர் அவருடைய ரவைகளை அளப்பார் என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு வியாழனும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சுங்கத்தில் பிடிபட்டவர் போல நின்றார்.

செய்தி வுப்பர்டால் நகரத்து நம்மவர் வரை போனது. நானும் என் பங்கைச் செய்தேன். தொலைபேசியில் கூப்பிட்டு, “அளக்கத் தெரியாட்டி உனக்கேன் இந்த வேலை? எங்கட மானத்தையும் சேர்த்தெல்லோ வாங்கிறாய்” என்றேன்.

“ஓம் அண்ணை. இனிக் கவனமா இருக்கிறன்” என்றார்.

தம்பி போன பிறகு, துப்பாக்கியையும் மருந்தையும் முறைப்படி ஒப்படைக்கும் வேலை என்னிடம் வந்தது. நகரசபை அலுவலகத்தில் ஆயுட்காலம் முழுவதும் சனங்களிடம் அன்ட்ராக் என்னும் விண்ணப்பங்களை வாங்கியவனுக்கு இது பெரிதல்ல. உரிய அனுமதி உள்ள மேற்பார்வையாளரே வந்து எடுத்துச் சென்றார். அவர் போனதும், அச்சுகளுக்குப் பக்கத்தில் இருந்த தம்பியின் குறிப்பேட்டைப் பிரித்தேன். எல்லாம் ஜெர்மன் மொழியில், எண்களோடு. அந்த ஐந்தாம் நாளில் மட்டும் தமிழில் மூன்று வரி.

“அழுத்தும் கோலின் குழிக்குள் சந்தனம். துடைத்தேன். அண்ணைக்குச் சொல்லத் தேவையில்லை.”

சென்ற ஆண்டு விசயதசமி அன்று தம்பி வீட்டில் ஆயுத பூசை செய்தவன் நான். முறை தெரிந்தவன் நானல்லவா. துப்பாக்கியும் மருந்தும் சட்டப்படி பூட்டிய பெட்டியிலேயே இருந்தன. கழுவுவதற்காகக் கழற்றியிருந்த அச்சின் துண்டுகளைத் தம்பி தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். சன்னத்தை அழுத்தும் கோலின் நுனியிலே பொட்டு வைக்க வாகாக ஒரு சிறு குழி இருந்தது. பூசை முடிந்ததும், எனக்கும் இதெல்லாம் தெரியும் என்று காட்ட, நானே அச்சின் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டிக் கொடுத்தேன்.

“உள்ளுக்குச் சந்தனம் ஒண்டும் இல்லைத்தானே, அண்ணை?”

“ஆருக்குப் படிப்பிக்கிறாய்?”

தம்பி அச்சை அப்படியே வாங்கி வைத்தார். சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்த நிலையிலேயே ஆழத்தைச் சரிசெய்து, முதல் ரவைகளை அளந்து, திருப்திப்பட்டிருக்கிறார். பிறகு அழுத்த அழுத்த அது உதிர்ந்தது. உதிர்ந்த அளவுக்குச் சன்னம் இறங்காமல் நின்றது.

தவறு என்னுடையது, கோப்பைத் திருத்துங்கள் என்று கழகத்துக்கு எழுதினேன். உறுப்பினர் காலமாகிவிட்டதால் விடயம் முடிந்துவிட்டதாகப் பதில் வந்தது. இலக்கணப் பிழையில்லாத, அழகான கடிதம். நானும் இப்படிக் கடிதங்கள் எழுதியே ஓய்வூதியம் பெற்றவன். அதனால் அதன் பெறுமதி எனக்குத் தெரியும். அவர்கள் திருத்தாததை நான் இங்கே அச்சிட்டுத் திருத்துகிறேன். கதை பரப்பியவர்கள் இதையும் பரப்பலாம். இது உண்மை என்பதால் சற்று மெதுவாகத்தான் பரவும்.

புகையிரத நிலையத்தில் தம்பியின் தலையைத் தம் மடியில் வைத்திருந்த தொழிற்சாலை நண்பருக்கு நன்றி. கறுப்பு உடையில் வந்து, சப்பாத்தை எங்கே கழற்றுவது என்று கேட்டு, கடைசிவரை நின்ற மேற்பார்வையாளருக்கு நன்றி. நடந்ததை அறிந்த பிறகும் எனக்குச் சோறு போடும் தம்பியின் மனைவிக்கும் மகளுக்கும் நன்றி சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

தம்பி தம் வாழ்நாளில் செய்த கவனக்குறைவு ஒன்றே ஒன்று. என் பேச்சை நம்பி, அச்சைத் திறந்து பார்க்காமல் விட்டார்.

அண்ணன்,
ஹம்