பதினொன்றரை மணி நேரம்

எங்கள் குப்பத்தில் மீன் பிடிக்கத் தண்ணீருக்குப் போகிறவரிடம் எப்போது திரும்புவாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் திரும்ப மாட்டார் என்று பயம். நான் படித்தவன், மீஞ்சூரில் அலுவலக வேலை. ஆனாலும் மகள் நர்ஸ் வேலைக்கு சிட்னி கிளம்பியபோது, பயண நேரத்தைக்கூட அவளிடம் கேட்க வாய் வரவில்லை. செல்போனிடம் கேட்டேன்.

சென்னை, சிட்னி என்று தட்டியதும், ஒன்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், பதினொன்றரை மணி நேரம் என்று காட்டியது. வரைபடத்தில் ஒரே கோடு, பெரும்பகுதி கடலுக்கு மேல். நடுவில் விமானம் மாற வேண்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். பொன்னேரியில் பஸ் மாறுவது போல என்று நினைத்துக்கொண்டேன். எல்லாரிடமும் பதினொன்றரை மணி நேரம் என்றே பெருமையாகச் சொன்னேன்.

"முகத்துவாரத்துலன்னா படகு மணல்ல தட்டும். வானத்துல இன்னாண்ணா தட்டப்போவுது?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள்.

நள்ளிரவில் கிளம்பிய விமானம். மறுநாள் பகல் பதினொன்றரைக்கு மகளை அழைத்தேன். போன் அணைந்திருந்தது. பன்னிரண்டுக்கும் அப்படியே. ஒரு மணிக்கும் அப்படியே.

இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள். நான் சொன்ன நேரத்தை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

படகு நேரம் தப்பினால் இப்படித்தான் வருவார்கள். முகத்துவாரத்தில் என் அண்ணனின் படகு கவிழ்ந்த அன்றும், செய்திக்கு முன்னால் அவர்கள்தான் வந்தார்கள்.

"அவங்கள எழுந்து போவச் சொல்லுய்யா," என்றாள் என் மனைவி. நான் மறுபடி மகளின் எண்ணை அழுத்தினேன்.

மூன்றரைக்குத் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நைனா, நான்தான். சார்ஜரு பெரிய பெட்டில போய்ட்ச்சு, போன் ஆஃப் ஆயிட்ச்சு. இங்க ஏர்போர்ட்டு கூட்டுற அக்கா ஒருத்தங்க தமிழு, அவங்க போன்லேந்து பேசறேன்."

"சிட்னி போய்ட்டியாம்மா?"

"சிட்னியா! பாதி வழிகூட வர்ல. காலைலேந்து சிங்கப்பூர்ல குந்தினுகிறேன். அடுத்த பிளேன் ராத்திரிதான். இன்னா நைனா, படிச்சவருதானே நீ? கெளம்பறப்பவே எவ்ளோ நேரம்னு கேட்டிருக்கலாம் இல்ல?"

வாசலில் பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். ஒருத்தி சிரிக்கக்கூடச் செய்தாள். அந்த நிம்மதியில் என் வாய் என்னை மீறிவிட்டது.

"திரும்பி எப்பம்மா வருவ?"

சிரிப்பு நின்றது. மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். பெண்கள் என்னைப் பார்க்காமல் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலை, சேர்ந்துவிட்டேன் என்று மகளிடமிருந்து செய்தி வந்தது. ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினேன். மீன் அறுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"போனது சரிண்ணா," என்றாள்.