உப்பு மண்டிக்காரனின் நாக்கு

உப்பு நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் எந்தக் கருவியும் வாங்கியதில்லை. லாரி வந்து நின்றதும் ஒரு மூட்டையைப் பிரித்து, இரண்டு கல்லை எடுத்து நாக்கில் வைப்பேன். கரிப்பு எப்படியும் இருக்கும், அதைப் பற்றிக் கவலையில்லை. அடியில் கசப்பு தட்டுகிறதா என்பதுதான் கேள்வி. கசந்தால் சாயப்பட்டறைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார், துணியில் சாயம் திட்டுத் திட்டாக ஏறுகிறது என்பார். கசக்காவிட்டால், "நல்ல உப்பு, எறக்குங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். திருப்பூரில் உப்பு மண்டி வைத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. என் நாக்கு ஏமாந்தது என்று எந்தப் பட்டறைக்காரரும் சொன்னதில்லை. ஏமாந்தது ஒரு தோட்டத்தில்.

பனியனுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பருத்தித் துணி சாயத்தைச் சும்மா ஏற்றுக்கொள்ளாது. சாயத்தண்ணீரில் மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டினால்தான் சாயம் நூலுக்குள் இறங்கும். அதோடு உப்பின் வேலை முடிந்தது. கல்யாணத் தரகர் மாதிரிதான், சேர்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட வேண்டும். துணி சாயத்தோடு கப்பலேறிப் போகும். உப்பு, கழுவுகிற தண்ணீரோடு ஓடைக்குப் போய், ஓடையிலிருந்து ஆற்றுக்குப் போய், ஆற்றோரத்துக் கிணறுகளில் இறங்கும். தூத்துக்குடியில் கடல்நீரை வெயிலில் காயவைத்து, லாரியில் ஏற்றி, கடலையே பார்க்காத ஊருக்குக் கொண்டுவந்து, மறுபடியும் தண்ணீரில் கரைத்து விட்டோம். அப்போது எனக்கு இப்படியெல்லாம் தோன்றவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது, நானும் சந்தோஷமாக இருந்தேன்.

கிணற்றில் உப்பு இறங்கியது மண்டிக்காரன் வீட்டிலேயே முதலில் தெரிந்தது. நல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு உண்டு. மனைவி பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறவள். காலையில் சமைத்து வைத்துவிட்டு ஓட வேண்டும். ஒருநாள் குழம்புச் சட்டியை என் முன்னால் வைத்து, "இந்தத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குதுங்க" என்றாள்.

"அடுப்பைக் கூட்டி வை" என்றேன். கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு குடித்தும் காட்டினேன். "தண்ணி நல்லாத்தானே இருக்கு?"

"உப்பு விக்கிறவர் வீட்டுல குழம்புக்குத் தனியா உப்புப் போட வேண்டியதில்லைன்னு எங்க அம்மா சொல்லாம விட்டுட்டாங்க" என்றாள். மறுநாளிலிருந்து சமையலுக்கு வெளியிலிருந்து தண்ணீர் வாங்கினாள். அவளுக்கு வாய் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறை மொபெட்டில் ஒரு தோட்டக்காரர் மண்டிக்கு வருவார். மாட்டுக்கும் தென்னை மூட்டுக்கும் உப்பு வாங்குவார். வயதில் என்னைவிடப் பெரியவர், நான் அண்ணா என்பேன், அவர் என்னைப் பாய் என்பார். நான் உப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பதை வேடிக்கை பார்ப்பதற்காகவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். ஆற்றின் கீழ்ப்புறம் அவருக்குத் தோட்டம். அவர் முன்னோர் பாறைக்கு வேட்டு வைத்துக் கிணறு இறக்கி, குளத்து வண்டலை வண்டி வண்டியாக அடித்து, ஓடக்கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கி உண்டாக்கிய பூமி அது. வெயிலைத் தவிர அங்கே எல்லாமே மனிதன் கை பட்டதுதான். பங்காளிகள் எல்லாரும் விவசாயத்தை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்கு ஷெட் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். இவர் மட்டும் எலுமிச்சை வைக்கப் போகிறேன் என்று நின்றார்.

ஒரு சாயங்காலம் அவசரமாக வந்து என்னைக் கையோடு கூட்டிப்போனார். தோட்டத்தில் எலுமிச்சைக் கன்றுகள் வந்து இறங்கியிருந்தன. குழியும் தயாராக இருந்தது.

"கெணத்துத் தண்ணி மாறிப்போச்சுன்னு அக்கம்பக்கத்துல பேசிக்கறாங்க பாய். நாங்க தெனமும் குடிக்கறவங்க, எங்களுக்குத் தெரிய மாட்டேங்குது. உங்க நாக்கு ஊரறிஞ்ச நாக்குங்க. ஒருவாய் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க. நல்ல தண்ணின்னா கன்னு நடறேன். இல்லீன்னா நானும் ஷெட்டுப் போட்டுட்டுப் போறனுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஒளிப்பானேன். சொம்பை வாங்கி ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, நாக்கின் அடிவரை தேடிப் பார்த்தேன். கசப்பே இல்லை. "அருமையான தண்ணிங்க அண்ணா. தைரியமா நடுங்க" என்றேன். அவர் மனைவி எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் கிளம்பும்போதே முதல் கன்றை நட்டுவிட்டார்.

அடுத்த கோடையில் போய்ப் பார்த்தேன். இலைகளின் ஓரமெல்லாம் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல் பழுப்பாகக் கருகியிருந்தது. அதற்கு அடுத்த கோடையில் தோட்டத்தில் குச்சிகள்தான் நின்றன. அவர் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பாதி நிலத்தில் ஷெட் கட்டினார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வழக்கம்போல் உப்பு வாங்க வந்தார், வேடிக்கை பார்த்தார், போனார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு விளங்க மேலும் கொஞ்ச காலம் பிடித்தது. மனைவி ஒருநாள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எங்கோ மேற்கே, இரண்டு ஆற்றுக்கு நடுவில், உலகத்திலேயே முதன்முதலாகப் பெரிய பெரிய வாய்க்கால் வெட்டி வெள்ளாமை செய்தவர்களைப் பற்றிய கேள்வி. பாய்ச்சிப் பாய்ச்சி மண்ணில் உப்பு ஏறிவிட்டதாம். முதலில் கோதுமை போனது, பிறகு உப்பைத் தாங்குகிற பார்லி மட்டும் நின்றது, கடைசியில் அதுவும் குறைந்துபோனது என்று வாசித்துக் காட்டினாள்.

"அத்தனை பேருல ஒருத்தன்கூடவா நாக்குல வச்சுப் பாக்கலை?" என்று கேட்டேன்.

"பாத்திருப்பாங்க. உங்கள மாதிரி ஒருத்தர் இருந்திருப்பாரு. கசக்கல, நல்ல உப்புன்னு சொல்லியிருப்பாரு."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். எனக்குத் தோட்டத்தில் வாங்கிக் குடித்த சொம்பு ஞாபகம் வந்தது. நான் அந்தத் தண்ணீரைத் தண்ணீராகக் குடிக்கவே இல்லை. லாரியில் வந்த சரக்கைப் பார்ப்பதுபோல் கசப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நல்ல உப்பு என்று சொல்வதற்குப் பதிலாக நல்ல தண்ணி என்று சொல்லியிருக்கிறேன். கரிப்பு ஒரு குறையென்றே என் நாக்குக்குத் தெரியாமல் போயிருந்தது. போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆனால் அந்த உப்பும் என் மண்டியிலிருந்து போனதுதானே என்ற நினைப்பு கூடவே வந்தது. வெட்கமாக இருந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் வருஷங்கள் ஓடிவிட்டன.

அதற்குள் ஊரில் என்னென்னவோ நடந்தது. ஆற்றைக் கெடுக்கிறார்கள் என்று கோர்ட் உத்தரவு போட்டுப் பட்டறைகளை மூடினார்கள். மறுபடி திறந்தபோது, தண்ணீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பவும் உபயோகிக்க வேண்டும் என்றார்கள். கழிவிலிருந்து உப்பையும் காய்ச்சி எடுத்துப் பட்டறைக்கே கொடுத்தார்கள். என் வியாபாரம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வியாபாரியாக வருத்தப்பட்டேன், வீட்டுக்காரனாகக் கிணற்றை எட்டிப் பார்த்தேன்.

போன ஐப்பசியில் நல்ல மழை. மழை விட்டதும் தோட்டக்காரர் போன் செய்தார். "தண்ணி தேவலைங்கறாங்க பாய். ஓரத்துல காக்காணி நெலம் சும்மா கெடக்குது. நாலு எலுமிச்சை வெக்கலாமான்னு பாக்கறேன். ஒருக்கா வந்து நாக்குல வெச்சுச் சொல்லுங்க."

இன்னமும் அதே நாக்கை நம்புகிறார் என்று மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு முழுக் கதையும் தெரியும். உள்ளே போய் ஒரு பையில் துவரம் பருப்பு அள்ளிக்கொண்டு வந்தாள். "நாக்க வீட்டுலயே வச்சுட்டுப் போங்க. இதக் கொண்டு போங்க" என்றாள்.

தோட்டத்தில் ஷெட்டிலிருந்து தையல் மெஷின் சத்தமும், வடக்கத்திப் பிள்ளைகள் போட்டிருந்த இந்திப் பாட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. அவர் மனைவி, மகளைப் பார்க்க அவள் ஊருக்குப் போயிருந்தார். நாங்களே மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டினோம். கிணற்றில் சேந்திய தண்ணீரைச் சட்டியில் ஊற்றிப் பருப்பைப் போட்டேன். அவர் தென்னமட்டையைப் பற்றவைத்தார். பருப்பு வேக நேரம் ஆகும். இதைவிட்டால் சொல்ல முடியாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். கசப்பைத் தேடியது, கரிப்பை விட்டது, அது என் மண்டி உப்பு என்பது வரை ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் மட்டையை உள்ளே தள்ளினார். "அன்னைக்குக் கன்னு வந்து எறங்கியிருந்துச்சுங்க. நீங்க உப்புன்னு சொல்லியிருந்தாலும் நட்டுத்தான் இருப்பனுங்க" என்றார். பிறகு, "இதையா இத்தன வருஷமாச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்றார்.

நான் அதை நம்பவில்லை. நல்ல மனிதர், அதனால் அப்படித்தான் சொல்வார். ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்துவிட்டு, சட்டியில் பொங்கிய நுரையைக் கரண்டியால் வழித்தேன்.

பருப்பு கொதித்து அடங்கியது. கரண்டியில் எடுத்து நசுக்கினேன். பெரும்பாலும் மசிந்தது, நாலைந்து மட்டும் விறைப்பாக நின்றன. கொஞ்சம் வாயில் போட்டேன். எனக்கு ருசியாகத்தான் இருந்தது.

"என்னுங்க பாய்?" என்றார்.

"எனக்குத் தெரியலீங்க அண்ணா. நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன். அந்த வார்த்தையை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை விட்டு அவருக்கும் பல வருஷமாயிற்று, கேன் தண்ணீர்தான்; கரிப்பு இருந்தால் இப்போது அவர் நாக்குக்குத் தெரிந்துவிடும். அவர் ஒரு வாய் எடுத்து மெதுவாக மென்றார். இன்னொரு வாய் எடுத்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"உப்பு பத்தலைங்க பாய். இருந்தா ஒரு கல்லுப் போடுங்க."

மாதிரிக்கு நாலு கல் வைத்திருக்கிற பழக்கத்தில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். கொண்டுவரவில்லை. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று மண்டியில் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அன்றைக்கு இரண்டு பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டு முடித்தோம்.