இரண்டு ஃபைட்டர், ஒரு தடுப்பு

என் அண்ணி கத்தரிக்கோலும் கையுமாக எக்ஸ்ரே படம் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்த காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர். வெட்டியது என் அண்ணனுடைய நெஞ்சு எக்ஸ்ரே. மீன்தொட்டிக்கு நடுவில் தடுப்பு வைப்பதற்காக.

பக்கவாதம் வந்தபின் அண்ணனுக்குப் பேச்சு போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டி, அதில் ஒரு சிவப்பு ஃபைட்டர் மீன். அதுதான் அவருடைய பகல் முழுவதும். அது இரை தின்றால்தான் இவரும் சாப்பிட வாய் திறப்பார். இந்த நிலையில் ஹெப்பாள் ஃபேக்டரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள், பாவம், ஆசையாக ஒரு நீல ஃபைட்டரை வாங்கி வந்து கொடுத்தார்கள். இரண்டு ஆண் ஃபைட்டர் ஒரே தண்ணீரில் இருந்தால் ஒன்று செத்துத்தான் ஓயும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். அண்ணன் இடதுகையைத் தூக்கித் தொட்டியையே காட்டினார். இன்னொரு தொட்டி வைக்க அந்த அறையில் இடமில்லை.

எக்ஸ்ரே கறுப்பாக இருக்கும், ஒன்றையொன்று பார்க்காது என்பது அண்ணியின் கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் நர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? கிருமி போகட்டும் என்று ராத்திரி அதை ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறப்போட்டார். காலையில் எடுத்தால் கறுப்பெல்லாம் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அண்ணனுடைய விலா எலும்புகள் வாளித் தண்ணீரோடு போயின. அண்ணி சிரித்துவிட்டார். இதுவும் நல்லதுக்குத்தான், அவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நன்றாக அலசி, ஊசியால் ஓட்டை போட்டு, கூழாங்கல்லில் ஊன்றி வைத்தார்.

அங்கேதான் வினை. இரண்டும் எதிரெதிரே நின்று செவுளை விரித்து, நாள் முழுக்கத் தடுப்பில் முட்டின. சிவப்பு மீன் இரையைத் தொடவில்லை. அண்ணனும் ராகிக் கஞ்சியைத் தள்ளிவிட்டார். அடுத்த நாளும் அப்படியே. கன்னங்கள் ஒட்டிப்போயின. மீன் கடைக்காரரிடம் போனேன். அவரிடம் இருந்ததும் கண்ணாடித் தடுப்புதான். வெறுங்கையோடு திரும்பினேன்.

அண்ணி டியூட்டி முடிந்து வந்து, புடவைகூட மாற்றாமல், பீரோவிலிருந்து ஒரு தடித்த நீல பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார். அண்ணனுடைய ரிப்போர்ட் எல்லாம் அதில்தான். அவர் மறுபடி பேசிவிடுவார் என்று யாராவது ஒரு டாக்டர் சொல்லமாட்டாரா என, மாதாமாதம் பெங்களூர் வரை அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அண்ணி. காகிதங்களைக் கட்டிலில் கொட்டிவிட்டு ஃபைல் அட்டையில் கத்தரி வைத்தார்.

பதறிப்போய், "அண்ணி, அடுத்த மாசம் பெங்களூருக்கு அது வேணுமே" என்றேன்.

"எதுக்கு தம்பி? எல்லாரும் ஒண்ணுதான் சொல்றாங்க. நான்தான் கேட்டுக்கல." வெட்டுவதை நிறுத்தவில்லை. "இன்னிக்கு இவர் சாப்பிடணும். எனக்கு அது போதும்."

நீலத் தடுப்பு இறங்கியதும் சிவப்பு மீன் அதையே சுற்றிச் சுற்றி வந்தது. வெகுநேரம் கழித்துச் செவுளை மடக்கியது. அண்ணி போட்ட இரையில் ஒன்றைக் கவ்வியது. அண்ணன் வாயைத் திறந்தார்.

அண்ணி முதல் கரண்டியை ஊட்டினார். அப்புறம்தான் அழுதார். கரண்டி மட்டும் நிற்கவில்லை.