கடுகண்ணாவையில் நஞ்சிட்ட மூன்று போத்தல்கள்

வரைபடத்தில் இருந்த ஒன்பது புள்ளிகளையும் வெட்டிவிடச் சொன்னார் தனபாலன் சேர். ஷெரோன் வெட்டவில்லை.

கெலிஓயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் வடிவம்மாவின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிப்பதா இல்லையா என்று கையெழுத்திட வேண்டியவர் தனபாலன் சேர்தான்.

அவள் செய்த வேலையைச் சொன்னால் தோட்டத்தில் சிரிப்பார்கள். மேற்குக் கரையில் கடல்நீர் புகுந்து தேங்கும் களப்பு ஒன்றில் தண்ணீர் அள்ளி, மலையேற்றிக் கொண்டுவந்து, அதில் கரைந்திருக்கும் ஒரு வாயுவை அளப்பாள். நைதரசு ஒட்சைட்டு என்று பெயர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் காபனீரொட்சைட்டைவிட இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் வலியது. வயலில் போட்ட உரமும் ஊரின் கழிவும் களப்பில் சேர, அங்குள்ள நுண்ணுயிர்கள் இதை உண்டாக்குகின்றன. நீரில் ஒட்சிசன் நிறைய இருந்தால் கொஞ்சம்தான் வரும். அறவே இல்லாவிட்டால், அதே நுண்ணுயிர்கள் அந்த வாயுவையும் விழுங்கி முடித்துவிடும். இரண்டுக்கும் நடுவே, ஒட்சிசன் குறைந்து, ஆனால் தீர்ந்துவிடாத நீரில்தான் அது குவிகிறது.

களப்பில் கால்வாய் வந்து விழும் வாயிலில் அவள் அள்ளிய ஒன்பது போத்தல்களும் அதைத்தான் காட்டின. மற்ற இடங்களைவிடப் பல மடங்கு.

"பிள்ளை, உது களப்பிலை இருந்த வாயு இல்லை," என்றார் சேர். "வழியிலை போத்தலுக்குள்ளை காத்துப் போயிருக்கு. கிருமியள் வேலை செய்திருக்குது. இதைப் போட்டு வெள்ளிக்கிழமை அறிக்கை குடுத்தா எங்களைப் பாத்துச் சிரிப்பாங்கள்."

"காத்துப் போனாலும் கிருமி வேலை செய்யாது சேர். அள்ளின உடனேயே கிருமியக் கொல்ல நஞ்சு விட்டாச்சு."

"எல்லாத்துக்குமோ?"

"எல்லாத்துக்கும்."

வாய் முந்திக்கொண்டது. மாலை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதுதான் அந்த வார்த்தை உறுத்தியது. எல்லாத்துக்குமா? பட்டம் வாங்கி மூன்று வருடமாகியும், யாராவது நிமிர்ந்து கேட்டால் உடனே ஒரு பதிலைக் கொடுத்துத் தப்பிக்கப் பார்க்கிறாளே, அது எந்தப் பழக்கம்?

வீட்டில் அம்மா அன்று கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளையோடு போட்ட சண்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஈரம்னு மூணு கிலோ வெட்டப் பாத்தான். நனைஞ்ச மூட்டைக்கு நீ வெட்டு, நானே காட்டுறேன், காஞ்ச மூட்டையில கை வச்சா தராசோட தூக்கிட்டுப் போயிருவேன்னேன். பேந்தப் பேந்த முழிக்கிறான்!" பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். "நீ ஏண்டி இப்பிடி இருக்க? தண்ணிப் போத்தல யாரும் களவெடுத்துட்டாங்களா?"

மறுநாள் காலை, களப்புக்கு வேன் ஓட்டிப்போன ஹில்மியைப் பிடித்தாள்.

"அன்னைக்கு கடைசிப் போத்தல்களுக்கு நான் எங்க வச்சு நஞ்சு விட்டேன், ஞாபகம் இருக்கா?"

"என்ன மிஸ் இப்பிடிக் கேக்குறீங்க? மழை வருதுன்டு தோணிக்காரன் கத்தினான். மூணு போத்தல அப்பிடியே மூடிட்டு ஓடி வந்தீங்க. கடுகண்ணாவைல பிளேன்டீ குடிக்க நிப்பாட்டின நேரம், 'ஐயோ ஹில்மி, ஊசி எங்க?'ன்டு கத்தினீங்க. கடைக்காரன் நீங்க ஏதோ குடிக்கப் போறீங்கன்டு பயந்துட்டான்."

கள நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். நனைந்து உலர்ந்த தாளில் அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது: ஏழு, எட்டு, ஒன்பது. கடுகண்ணாவை, 5.10. அள்ளி நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு.

ஹில்மி எட்டிப் பார்த்தான். "பென்சில்ல தானே எழுதியிருக்கு. யாருக்குத் தெரியும் மிஸ்?"

"எனக்குத் தெரியுமே."

அந்த மூன்றையும் அவளே வெட்டினாள். வெட்டியபின் வரைபடத்தைப் பார்த்தவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வழியில் கெட்ட மூன்றும் திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடந்தவை. கரையிலேயே நஞ்சிட்ட ஆறும் ஒரு கைவிரல் அகலத்துக்குள் நெருங்கி நின்றன, ஒட்சிசன் குறைந்து ஆனால் தீராத அதே இடத்தில். இதுவரை அவற்றின் ஒழுங்கை மறைத்தது அவளுடைய தவறுதான்.

நோட்டுப் புத்தகத்தையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு சேரின் அறைக்குப் போனாள்.

"நேத்து நான் சொன்னது பொய் சேர். மூணு போத்தலுக்கு நஞ்சு பிந்தித்தான் விட்டேன். அத வெட்டிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூண்டு பிழையெண்டா மிச்சத்தை எப்பிடி நம்புறது? ஒன்பதையும் வெட்டிவிடும். பிறகு ஒரு கரைச்சலும் இல்லை."

"மூணு நனைஞ்சது சேர். ஆறு காஞ்சது."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. கெட்டதுக்குக் காரணம் புத்தகத்துல இருக்கு. ஆறுக்கும் நேரத்தோட குறிப்பு இருக்கு. இத வெட்டுறதுக்கு நீங்க ஒரு காரணம் எழுதித் தாங்க, நான் வெட்டுறேன். சிரிப்பாங்கங்கிறது காரணம் இல்ல."

சேர் வரைபடத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். அந்த ஆறு புள்ளிகளின் மேல் பேனாவின் மூடியை வைத்து நகர்த்தினார். காரணம் எதையும் எழுதாமலே மூடியைத் திரும்பப் பேனாவில் மாட்டினார்.

"என்ர பேரைப் போட மாட்டன்," என்றார் கடைசியில். "உம்மட பேரிலை போகட்டும். ஆரும் கேள்வி கேட்டா நீர்தான் எழும்பி நிண்டு பதில் சொல்லவேணும்."

"நானே சொல்றேன் சேர்."

"ஒப்பந்தக் கடிதத்துக்கு இப்ப அவசரப்படாதையும்."

"அவசரப்படல சேர்."

ஆய்வுகூடத்துக்குத் திரும்பி, அட்டவணைக்குக் கீழே ஒரு வரி தட்டச்சு செய்தாள்: ஏழு, எட்டு, ஒன்பதாம் போத்தல்களுக்குக் கடுகண்ணாவையில் வைத்தே நஞ்சு இடப்பட்டது, தவறு என்னுடையது, அவை சேர்க்கப்படவில்லை. அதன் மேலே அந்த ஆறு எண்களும் இருந்தன. முதற்பக்கத்தில் இரண்டு பெயர்களுக்கு விட்டிருந்த இடத்தில் ஒரு பெயரைத் தட்டினாள். மற்ற இடத்தை வெறுமையாகவே விட்டாள், மனம் மாறினால் அவரும் எழுதிக்கொள்ளட்டும் என்று.