பதினோரு மாதமும் பதினேழு படியும்

லோஸ் மினா பேட்டையில் சனிக்கிழமை காலை ஒரு பெண் முடியை நேராக்கத் தலை நிறைய ரோலர் சுற்றிக்கொண்டு வங்கிக்குப் போகலாம். கறிக்கடைக்குப் போகலாம். துக்க வீட்டு வாசலில்கூட, ரோலர் நழுவாதபடி தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு அழலாம். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சாயங்காலம் அழகாக இருக்கப்போகிறவள் என்று மரியாதையாக வழிவிடுவார்கள். அதே பெண் தலையில் முளைத்ததை முளைத்தபடி விட்டு, சுருட்டை முடியோடு தெருவில் இறங்கட்டும். முனைக்கடையில் டோமினோ ஆடும் நான்கு பேரும் காயைக் கையிலேயே நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்: "ஏம்மா, வீட்டுல சீப்பு இல்லையா?"

இந்தப் பேட்டையை உண்டாக்கியவர்கள் முந்நூறு வருடத்துக்கு முன் எல்லை தாண்டித் தப்பி ஓடிவந்த கறுப்பு அடிமைகள். அவர்களிடம் சீப்பு இருந்ததா என்று யாரும் விசாரித்ததாகத் தகவல் இல்லை.

யுதெல்காவின் தலை முதன்முதலில் வெந்தது அவளுடைய ஏழாவது வயதில். மறுநாள் தேவாலயத்தில் முதல் நற்கருணை, போட்டோ எடுப்பார்கள். "இந்தப் புதரோட ஆண்டவர் முன்னாடி நிப்பியா?" என்று கேட்டு, சித்தி டப்பாவைத் திறந்தாள். சுருளை நேராக்கும் வெள்ளைக் களிம்பு. பார்க்க வெண்ணெய் மாதிரி இருக்கும். உறவு முறையில் அது சாக்கடை அடைப்பெடுக்கும் காரத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. காது மடலிலும் நெற்றி ஓரத்திலும் வாசலின் தடவி, மர நாற்காலியில் உட்காரவைத்துப் பூசினாள்.

களிம்புக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. மூன்று நாளைக்கு முன்பிருந்தே தலையைச் சொறியக் கூடாது. சொறிந்த இடத்தில் களிம்பு இறங்கினால் தோலை உரித்துவிடும். இரண்டாவது, "எரியுதா?" என்று கேட்டால் "எரியலை" என்று சொல்லவேண்டும். எரிகிறது என்று சொன்னால் உடனே கழுவிவிடுவார்கள், முடி பாதி நேராகவும் பாதி சுருளாகவும் நின்றுவிடும். ஆக, யார் நெடுநேரம் பொய் சொல்கிறாளோ அவளுக்கே நேரான முடி. ஏழு வயதுக் குழந்தை இருபது நிமிடம் பொய் சொன்னாள். இடது காதுக்குப் பின்னால் ஒரு காசு அளவுக்குத் தோல் கையோடு வந்தது. அந்த இடத்தில் இன்றுவரை மயிர் முளைக்கவில்லை. போட்டோவில் மிக அழகாக இருக்கிறாள். கண்தான் கொஞ்சம் சிவந்திருக்கிறது. பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள்.

பதினாறு வயதில் நூரிஸின் சலூனில் தலை கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். நூரிஸ் நான்கு தெருப் பெண்களின் தலையை முப்பது வருடமாக நேராக்கி வருபவள். நாக்கு மட்டும் அவளிடம் நேராகவே பிறந்தது.

இருபதாவது வயதில் எலாதியோ வந்தான். ஷேர் டாக்சி ஓட்டுகிறவன். ஐந்து பேர் உட்காரும் காரில் ஏழு பேரை ஏற்றுவான். ஒருநாள் யுதெல்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இடுப்பு வரை முடி, வெளியே கொடி மாதிரி பறந்தது. எலாதியோ சாலையை விட்டுக் கண்ணாடியைப் பார்த்து ஓட்டினான், முன்னே போன அன்னாசி வண்டியில் மோதினான், அந்த ரத்த மூக்கோடு திரும்பி அவளுடைய பெயரைக் கேட்டான். இதைக் காதல் என்று இங்கே எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

அவன் காரின் நான்கு கதவுகளில் மூன்றுக்குக் கைப்பிடி கிடையாது. மனைவிக்கு மட்டும் இருந்தது.

சோறு குழைந்தால், பேஸ்பாலில் அவன் அணி தோற்றால், போலீஸ்காரன் நிறுத்திக் காசு கேட்டால், வீட்டுக்கு வந்து அவளுடைய முடியைப் பிடிப்பான். பிடிப்பது என்றால் சும்மா பிடிப்பதில்லை. வலது மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றுவான், படகுக்காரன் கயிற்றைச் சுற்றுகிற மாதிரி, அவசரமில்லாமல். பிறகு அவள் தலை எங்கே போகவேண்டும் என்பதை அவன் கை சொல்லும்: சுவருக்கு, கதவு நிலைக்கு, அடுப்பு மேடையின் விளிம்புக்கு. முகத்தில் ஒரு நாளும் அடித்ததில்லை. முகம் வெளியே தெரிகிற இடம். அதனால் தெருவில் அவனுக்கு நல்ல பெயர்.

ஒரு ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. குடை இல்லாமல் நனைந்து வந்தவளின் முடி காதோரத்தில் சுருண்டு உப்பியிருந்தது. "வாசல்ல நின்னவுங்க எல்லாம் பாத்தாங்களா உன்னை?" என்று கேட்டான். பதில் வருவதற்குள் மூன்று சுற்று முடிந்துவிட்டது. சமையலறையிலிருந்து படுக்கையறை வரை இழுத்தான். வழியில் கதவு நிலையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கதவு நிலை அசையவில்லை, அவனும் விடவில்லை. நடுவில் இருந்த உச்சந்தலைத்தோல்தான் விட்டுக்கொடுத்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் எழும்பி, ரத்தம் புருவத்தைத் தாண்டி வாய்க்குள் இறங்கியது. அவள் துண்டைச் சுற்றிக்கொண்டு சோறு வடித்தாள். அன்று சோறு குழையவில்லை.

திங்கட்கிழமை நூரிஸ் துண்டை அவிழ்த்துப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"ரோலர் இழுத்துருச்சுக்கா."

"எந்த ரோலர்? அஞ்சு வெரல் இருக்குமே, அந்த ரோலரா?"

நூரிஸ் அவளைக் கீழே உட்காரவைத்து, புண்ணைக் கழுவி, இருந்த இடத்தில் தோலை ஒட்டிவைத்துக் கட்டினாள். "ரெண்டு மாசத்துக்குக் களிம்பு கிடையாது. பட்டுதுன்னா மண்டை ஓடு தெரியும்" என்றாள்.

இரண்டு மாதம் கழித்துப் புண்ணைச் சுற்றித் தடவிய நூரிஸின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"அடியே, இங்க தொடு."

யுதெல்கா தொட்டாள். பென்சில் சீவலைப் போல சுருள் சுருளாக ஒன்று முளைத்திருந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் தன் இடத்துக்கே திரும்பிப் போய்ச் சுருண்டுகொண்டது. அவளுக்கு வயது முப்பத்தொன்று. ஏழு வயதுக்குப் பிறகு தன் முடியை அன்றுதான் சந்திக்கிறாள். மீண்டும் இழுத்தாள், மீண்டும் அது சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"இனிமே எனக்குக் களிம்பு வேணாம்க்கா."

"அப்ப பழசை ஒரே வெட்டா வெட்டிரு. கத்தரி இருக்கு."

"முடியை வெட்டுனா கழுத்தையும் சேத்து வெட்டுறேன்னு சொல்லிருக்கான். சொன்னா செய்வான்."

"அப்புறம் எப்படிடி?"

"அடியில வளரட்டும். மேல இருக்கறது அவனுக்கு. அடியில வர்றது எனக்கு."

சுருளைக் களிம்பில்லாமல் மறைக்க ஒரே வழி டிரையர்தான். வாரா வாரம் சனிக்கிழமை நூரிஸ் அவளுடைய வேரைச் சூட்டுக் காற்றில் இழுத்து இழுத்து நேராக்கினாள். மற்ற நாளெல்லாம் யுதெல்கா முடியைத் தலையைச் சுற்றி வரிந்து கொண்டை ஊசி குத்தி வைத்தாள். அது இங்கே நாகரிகம். எல்லாப் பெண்களும் செய்வது. மழையைக் கண்டால் மட்டும் கொலைகாரனைக் கண்டது போல ஓடினாள். நூரிஸ் மாதம் ஒருமுறை எச்சரித்தாள்.

"ரெண்டு முடியும் சேர்ற இடம் இருக்குல்ல, அது நூல் மாதிரிடி. பழசு செத்த முடி, புதுசு உசுருள்ள முடி. ஈரமா இருக்கும்போது இழுத்துறாத, பட்டுன்னு போயிரும்."

"தெரியும்க்கா. பதினஞ்சு வருஷமா தலை கழுவுறேன்."

தெரியும் என்று அவளே சொன்னதை இங்கே குறித்துவைத்துக்கொள்ளலாம். பின்னால் சிலர் இதைப் பற்றி நிறையப் பேசினார்கள்.

பதினோராவது மாதம், மே மாதத்துச் சனிக்கிழமை. யுதெல்கா தலை கழுவி, ரோலர் போட்டு, டிரையருக்குள் தலையைக் கொடுத்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கரண்ட் போனது. இந்தத் தெருவில் கரண்ட் போவது செய்தியல்ல, வருவதுதான் செய்தி. ஆனால் அன்று நூரிஸின் பேட்டரியும் கையை விரித்துவிட்டது. தலையில் ரோலரோடு ஒன்பது பெண்கள் ஒரே குரலில் மின்சார மந்திரியின் தாயாரை விசாரித்தார்கள்.

எலாதியோ ஒரு மணிக்குச் சாப்பிட வருவான். கரண்டுக்காகக் காத்திருந்தால் சோற்றுக்கு அடி. சோற்றுக்காக ஓடினால் முடிக்கு அடி. யுதெல்கா நின்று யோசித்தாள். சோறு தாமதமானால் அவன் சத்தியமாக அடிப்பான். முடியை ஒருவேளை கவனிக்காமல் விடலாம். ரோலரை உருவினாள்.

"ஈரத்தோட போகாதடி!" என்றாள் நூரிஸ்.

"துணி கட்டிக்கிறேன்க்கா."

அவள் வீடு மாடியில். வெளிப்புறமாகப் பதினேழு சிமெண்ட் படி, கைப்பிடி கிடையாது. கீழ்வீட்டு தொமிதிலா தலையில் ரோலரோடு வாசலில் உட்கார்ந்து வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். யுதெல்கா மேலே போனாள், அரிசியைப் போட்டாள், சிவப்பு பீன்ஸைச் சூடாக்கினாள். அடுப்பு ஆவியில் துணிக்கு அடியில் முடி தன் வேலையைத் தொடங்கியது.

எலாதியோ சாப்பிட்டான். காந்தலைச் சுரண்டி வைக்கச் சொல்லி அதையும் சாப்பிட்டான். பல் குத்தியபடி அவளைப் பார்த்தான்.

"துணி எதுக்கு?"

"சலூன்ல கரண்ட் இல்ல. இன்னும் காயல."

"அவுத்துப் போடு."

"காயட்டும்..."

அவனே உருவினான். பதினோரு மாதமாக ஊமையாக இருந்தது முழுவதும் ஒரேயடியாக எழுந்து நின்றது. நாலு விரல் உயரத்துக்குக் கறுகறுவென்று சுருள். அதற்குக் கீழே உயிரற்ற நேர்முடி இடுப்பு வரை தொங்கியது.

எலாதியோ வாயிலிருந்த பல்குச்சியைத் துப்பினான். பிறகு மெதுவாகக் கேட்டான். "எத்தனை மாசமா என்னை ஏமாத்துற?" வேறொருவனோடு பிடித்திருந்தால்கூட இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பான், இவ்வளவு வருத்தமாகக் கேட்டிருக்கமாட்டான்.

முதல் அறை அன்று முகத்தில் விழுந்தது. உதடு கிழிந்தது. இரண்டாவதில் நாற்காலியோடு விழுந்தாள். விழுந்தவளின் விலாவில் உதைத்தான். பிறகு குனிந்து முடியைப் பொறுக்கி எடுத்தான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்று சுற்று.

"வா. இப்பவே சலூனுக்கு வா. அந்தக் கெழவி என் கண்ணு முன்னாடி நேராக்கணும். ரோலர் போட்ட நாய்ங்க எல்லாம் பாக்கட்டும்!"

மனைவியை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு சலூனுக்கு அழைத்துப் போகிற கணவன் அநேகமாக இவன் ஒருவனாகத்தான் இருப்பான். வாசல் தாண்டும்போது யுதெல்கா வழக்கம் போலக் கதவு நிலையைப் பிடித்தாள். எலாதியோ முதல் படியில் ஒரு கால், இரண்டாவது படியில் ஒரு கால், முதுகைத் தெருவுக்குக் கொடுத்து, முழு உடம்பின் எடையையும் மணிக்கட்டில் போட்டு இழுத்தான்.

கதவு நிலை அசையவில்லை. தோலும் இந்த முறை அசையவில்லை. பட்டென்று ஒரு சத்தம் கேட்டதாகத் தொமிதிலா சத்தியம் செய்கிறாள்.

எலாதியோ இரண்டடி முடியைக் கையில் சுற்றியபடி பதினைந்து படியையும் முதுகால் இறங்கினான். ஆறாவதில் மணிக்கட்டு ஒடிந்தது. பத்தாவதில் முன்பல் இரண்டு உதிர்ந்தன. கடைசிப் படியில் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்து, தொமிதிலாவின் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, முகம் மேலே பார்க்க வந்து நின்றான்.

தொமிதிலா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "ஏன் தம்பி, வாசப்படி ஒவ்வொண்ணாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

பத்து நிமிடத்தில் சலூனிலிருந்து, நூரிஸோடு சேர்த்து ஒன்பது பெண்கள் ரோலரோடு வந்து நின்றார்கள். பின்னால் ஏட்டு ஒருவர் வந்தார். எலாதியோ பல்லில்லாத வாயால் கத்தினான்: "ஏட்டய்யா, கொல்லப் பாத்தா என்னை! திட்டம் போட்டு!"

"எதால?"

"முடியால!"

ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்தார். வாசலில் யுதெல்கா உட்கார்ந்திருந்தாள். உதட்டில் ரத்தம். பின்தலையில் குட்டையாகச் சுருள், முன்பக்கம் மட்டும் நீளமாக நாலு கற்றை.

"யாரும்மா இழுத்தது?"

"அவரு."

"யாரு விழுந்தது?"

"அவருதான்."

"அறுந்துபோகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

யுதெல்கா பதில் சொல்வதற்குள் நூரிஸ் குறுக்கே வந்தாள். "அய்யா, அது அவ தலை. அவ தலையில என்ன எப்ப அறுந்துபோகும்னு இவன்கிட்ட எழுதிக் குடுத்துட்டா வளப்பா? அந்த உதட்டையும் எழுதுங்க. போன வருஷம் நான் ஒட்டவச்ச மண்டைத்தோலையும் எழுதுங்க. நாங்க ஒம்பது பேரும் கையெழுத்துப் போடறோம்."

தொமிதிலா, தன்னையும் சேர்த்தால் பத்து என்றாள். ஏட்டு எழுதினார். எலாதியோவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒடிந்த கை முடியை விடவே இல்லை. யுதெல்கா நான்காவது படியில் உட்கார்ந்தாள். அந்த இடத்திலேயே நூரிஸ் மீதிக் கற்றைகளையும் கத்தரித்தாள்.

அவனுடைய எலும்பு கூடுவதற்குள் யுதெல்கா பூட்டை மாற்றிவிட்டாள். ஆறு வாரம் கழித்து அவன் தங்கை வந்தாள். "அண்ணன் மன்னிச்சிட்டாரு அண்ணி. முடியை மறுபடி நேராக்கி வளத்தா வர்றேங்குறாரு" என்றாள். யுதெல்கா உள்ளே போய், படியில் வெட்டிக் கூட்டி வைத்திருந்த நாலு கற்றையையும் ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தாள். "அவரு கட்டிக்கிட்டது இதைத்தான். பத்திரமா வச்சுக்கச் சொல்லு."

நூரிஸின் சலூனில் களிம்பு டப்பா இன்னும் திறந்துதான் இருக்கிறது. "எரியுதா?" "எரியலை." யுதெல்கா இன்னும் தலை கழுவுகிறாள், தன் தலையில் சுருளோடு. டோமினோக்காரர்கள் சீப்பைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். வழியில் படி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

போன சனிக்கிழமை புதிதாக வந்த ஒரு பெண் கழுவும் தொட்டியில் தலை சாய்த்துக் கண்ணை மூடியபடி கேட்டாள்.

"அக்கா, இது மாதிரி வர எத்தனை நாளாகும்?"

"பதினோரு மாசம். அப்புறம் பதினேழு படி."

சலூன் சிரித்தது. யுதெல்காவின் விரல், நுரைக்கு அடியில், அந்தப் பெண்ணின் உச்சியில் ஒரு பொருக்கில் தட்டி நின்றது. களிம்பு சுட்ட பொருக்கு இப்படி இருக்காது.

"எரியுதா?"

"எரியலைக்கா." கண்ணைத் திறக்காமலே, "எங்க வீட்டுல படியே இல்லையே" என்றாள்.

யுதெல்கா தண்ணீரை நிறுத்தினாள்.

"என் வீட்டுல இருக்கு. மாத்துத்துணியை மட்டும் எடுத்துக்கிட்டு வா."