'இன்னொரு தடவை' அக்கா

குழந்தைகள் பிரிவில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அந்த நர்ஸுக்கு உடன் இருப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் 'இன்னொரு தடவை' அக்கா. ரத்த அழுத்தத்தை ஒரு முறை பார்த்துக் குறித்துவிட்டால் அவருக்கு மனசு ஆறாது. பிள்ளை அழுது முடிக்கட்டும், கைக்கு ஏற்ற பட்டையைக் கட்டி இன்னொரு தடவை பார்ப்போம் என்பார். வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஒருநாள் காலை பஸ் டிரைவர் ஒருவர் எட்டு வயது மகளோடு வந்தார். மூன்று மாதமாகத் தலைவலி. கண்ணாடி போட்டாயிற்று, அதை மாற்றியும் பார்த்தாயிற்று.

"ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறியான்னு கூடத் திட்டிட்டேன் சிஸ்டர்."

நர்ஸ் பிரஷரை அளந்தார். நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. சற்றுப் பொறுத்து மறு கையில் பார்த்தார். அதேதான்.

இளம் டாக்டர் சிரித்தார். "மெஷின் கோளாறா இருக்கும்க்கா. இந்த வயசுல ஏது பிரஷர்?"

"அப்ப உங்க கைய நீட்டுங்க."

அதே மெஷினில் பெரிய பட்டையைக் கட்டிப் பார்த்தார். டாக்டருக்குச் சரியாகவே காட்டியது. அவர் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. சிறுமியைப் படுக்கவைத்து, வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். தொப்புளுக்குப் பக்கத்தில் 'உஸ்' என்று ஒரு சத்தம். வலது கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாய் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருப்பதை ஸ்கேன் காட்டியது.

"தனக்கு ரத்தம் பத்தலைன்னு கிட்னி ஒடம்பு முழுக்க பிரஷரை ஏத்திவிடுது," என்றார் டாக்டர். "மருந்துல கொஞ்சம் இறக்கிட்டு, தொடை வழியா மெல்லிசா ஒரு குழாயை விட்டு, பலூனால அந்த இடத்தை விரிச்சுவிடணும்."

"வயித்தக் கிழிப்பீங்களா?"

"இல்லண்ணே. ஊசி குத்துற அளவுதான்."

சிகிச்சை நாளில் வேலை முடிந்தும் நர்ஸ் வீட்டுக்குப் போகவில்லை. டிரைவருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் மகளின் கண்ணாடியைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"புள்ளைய நம்பாமப் போயிட்டேனே, சிஸ்டர்."

"நம்பாமலா மூணு மாசம் கூட்டிட்டு அலைஞ்சீங்க?"

மறுநாள் கண் விழித்ததும் மகள் கேட்டது சாப்பாடு. அழுத்தம் நூற்றுப் பத்துக்கு எழுபது. டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். நர்ஸ் மறு கையிலும் பார்த்த பிறகே எழுதினார்.

மூன்று மாதத்தில் பிரஷர் மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. ரத்தக்குழாய் மறுபடி சுருங்குகிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும். மற்றபடி கவலை இல்லை. மூன்றாம் மாதப் பரிசோதனை அன்று அவள் ஆஸ்பத்திரிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வந்தாள்.

"மெதுவாடி!" என்று பின்னால் கத்தினார் டிரைவர்.

"விடுங்கண்ணே, ஓடட்டும்," என்றார் நர்ஸ்.